ஐந்தாவது தாள்: குடும்ப வன்முறைக்கு எதிராகப் பாதுகாப்பு ஆணை பெறுவது எப்படி?

(மகளிர் சுய உதவிக் குழுக் கூட்டமைப்பின் கூட்டம் ஒன்றில் பாதுகாப்பு அலுவலர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். உரையில் வரும் பெண்ணின் அடையாளம் தெரியாமல் இருக்க, பெயரும் ஊரும் தவிர்க்கப்பட்டுள்ளன.)

வேலை, வீடு எல்லாத்தையும் ஒதுக்கி வச்சிட்டு வந்திருக்கீங்க. அதனால நேரா விஷயத்துக்கு வந்துடறேன்.

நான் இந்த வேலைக்கு வந்த புதுசில் ஒரு பெண் என்னைப் பார்க்க வந்தார். தையல் கம்பெனியில் வேலை செய்கிறவர். கையில் ஒரு மஞ்சப்பை. அதிலிருந்து நான்கு தாள்களை எடுத்து என் மேஜை மேல் வரிசையாக வைத்தார். நான்கிலும் ஒரே வாசகம்தான்: "இனிமேல் மனைவியை அடிக்க மாட்டேன், குடித்துவிட்டு வந்து தகராறு செய்ய மாட்டேன்." கீழே கணவரின் கையெழுத்து. ஒன்று ஊர்ப் பெரியவர்கள் முன்னால் எழுதியது. ஒன்று அண்ணன் வீட்டில் வைத்து எழுதியது. மற்ற இரண்டும் காவல் நிலையத்தில் சமாதானம் பேசி எழுதி வாங்கியவை.

"மேடம், நாலு தடவை எழுதிக் குடுத்துட்டாரு. நாலு தடவையும் பத்து நாள்கூட தாங்கல. இந்தத் தாளை வச்சு நான் என்ன பண்றது?" என்று கேட்டார்.

அன்றைக்கு நான் சொன்ன பதிலை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கும். "கொஞ்சம் பொறுத்துப் பாருங்கம்மா, ரெண்டு பேரையும் கூப்பிட்டுப் பேசறேன்" என்று சொல்லி அனுப்பினேன். எட்டு மாதம் கழித்து அவர் மறுபடி வந்தார். இடது கையில் மாவுக்கட்டு. அதே மஞ்சப்பை.

அந்த அம்மா கேட்ட கேள்விக்குச் சரியான பதிலைச் சொல்லத்தான் இன்றைக்கு உங்கள் முன்னால் நிற்கிறேன். கணவர் எழுதிக் கொடுக்கும் கடிதத்துக்குச் சட்டப்படி பெரிய பலம் எதுவும் கிடையாது. அதை மீறினால் என்ன ஆகும் என்று அந்தத் தாளில் எழுதியிருக்காது. நீதிமன்றம் தரும் பாதுகாப்பு ஆணையை மீறினால் அதுவே ஒரு குற்றம். வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம், 2005. இது 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் இருக்கிறது. இந்தச் சட்டம் அடிப்பதை மட்டும் வன்முறை என்று சொல்லவில்லை. நான்கு வகை சொல்கிறது.

முதலாவது, உடல்ரீதியான வன்முறை. அடி, உதை, சூடு, தள்ளிவிடுவது எல்லாம் இதில் வரும். இரண்டாவது, பாலியல் வன்முறை. கட்டிய கணவனாக இருந்தாலும் பெண்ணின் கண்ணியத்தைக் குலைக்கும் பாலியல் நடத்தை இந்தச் சட்டத்தில் வன்முறைதான். மூன்றாவது, வார்த்தையாலும் மனத்தாலும் செய்யும் கொடுமை. "பிள்ளை பெறத் தெரியாதவ", "ஆம்பளப் புள்ள இல்ல" என்று குத்திக்காட்டுவதும், உங்களுக்கு வேண்டியவர்களை அடிப்பேன் என்று மிரட்டுவதும் இதில் அடங்கும். நான்காவது, பொருளாதார வன்முறை. வீட்டுச் செலவுக்குப் பணம் தராமல் இருப்பது, உங்கள் சம்பளத்தைப் பிடுங்கிக்கொள்வது, சீராக வந்த நகையை உங்களைக் கேட்காமல் அடகு வைப்பது எல்லாம் இந்த வகை.

நான்காவதைக் கேட்டதும் சில பேர் சிரிக்கிறீங்க. ஏடிஎம் கார்டு அவர்கிட்ட, போன் பின் நம்பர் அவர்கிட்ட, சம்பளம் வந்த மெசேஜ் மட்டும் உங்ககிட்ட. அப்படித்தானே? அதுவும் வன்முறைக் கணக்கில் வரும்.

யாரெல்லாம் இந்தச் சட்டத்தைப் பயன்படுத்தலாம்? மனைவி மட்டும்தான் என்று பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. தாய், மகள், சகோதரி, கணவரை இழந்து புகுந்த வீட்டில் இருக்கும் பெண், தத்தெடுக்கப்பட்ட பெண் என்று ஒரே வீட்டில் குடும்பமாக வாழும், அல்லது முன்பு வாழ்ந்த எந்தப் பெண்ணும் பயன்படுத்தலாம். திருமணம் போன்ற உறவில் சேர்ந்து வாழ்ந்த பெண்ணும் கேட்கலாம். எதிர்த்தரப்பு ஆணாகத்தான் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. 2016-ல் உச்ச நீதிமன்றம் அந்தக் கட்டுப்பாட்டை நீக்கிவிட்டது. மாமியார், நாத்தனார் கொடுமை செய்தால் அவர்கள் மீதும் ஆணை கேட்கலாம்.

"போலீஸ் கேஸ் போட்டா அவர் வேலை போயிடுமே?"

என்னிடம் வரும் பத்துப் பேரில் எட்டுப் பேர் கேட்கும் கேள்வி இது. "அவர ஜெயில்ல போடணும்னு நான் நினைக்கல மேடம். அடிக்காம இருந்தா போதும்." இப்படிச் சொல்லும் பெண்ணுக்காகவே எழுதப்பட்ட சட்டம் இது.

வரதட்சணைக் கொடுமை, கணவன் வீட்டார் செய்யும் கொடுமை என்று போடும் வழக்கு வேறு. முன்பு 498-ஏ என்று சொல்வோம். 2024 ஜூலை 1 முதல் அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 85-வது பிரிவு. அது குற்ற வழக்கு. பாதுகாப்பு ஆணை கேட்டு மனு போட்டவுடன் யாரையும் கைது செய்ய மாட்டார்கள். அந்த மனுவால் உங்கள் திருமணமும் முறிந்துவிடாது. சேர்ந்து வாழ விருப்பம் இருந்தாலும் "என்னை அடிக்கக் கூடாது" என்று ஆணை வாங்கலாம். நீதிமன்றம் முதலில் "செய்யாதே" என்று கோடு போடுகிறது. அதைத் தாண்டினால்தான் தண்டனை. தாண்டுவதா வேண்டாமா என்பது அவர் கையில் இருக்கிறது.

தேவைப்பட்டால் இரண்டு வழியையும் ஒரே நேரத்தில் எடுக்கலாம். ஒன்று போட்டால் மற்றது போட முடியாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

ஆணையில் என்னவெல்லாம் கேட்கலாம்?

பாதுகாப்பு ஆணை 18-வது பிரிவில் வருகிறது. எதிர்த்தரப்புக்கு நீதிமன்றம் போடக்கூடிய தடைகள் இவை:

• எந்த வகை வன்முறையும் செய்யக் கூடாது. வேறு ஆளைத் தூண்டிவிட்டும் செய்யக் கூடாது.
• நீங்கள் வேலை செய்யும் இடத்துக்கும், பிள்ளை படிக்கும் பள்ளிக்கும் வரக் கூடாது.
• நேரிலோ, எழுத்திலோ, போனிலோ, மின்னணு வழியிலோ தொடர்புகொள்ளக் கூடாது. வாட்ஸ்அப்பும் இதில் அடக்கம்.
• வங்கிக் கணக்கையும் லாக்கரையும் நீதிமன்ற அனுமதி இல்லாமல் கையாளக் கூடாது. உங்கள் நகை, சீர்ப்பொருளை விற்கக் கூடாது.
• உங்களுக்கு உதவி செய்த உறவினரையோ, பக்கத்து வீட்டுக்காரரையோ துன்புறுத்தக் கூடாது.

இதோடு சேர்த்து வேறு ஆணைகளும் கேட்கலாம். வீட்டைவிட்டு உங்களை வெளியேற்றக் கூடாது, அல்லது அவரே வெளியேற வேண்டும், அல்லது வேறு வீட்டுக்கு வாடகை தர வேண்டும் என்று குடியிருப்பு ஆணை கேட்கலாம். மருத்துவச் செலவு, ஜீவனாம்சம் கேட்கலாம். அவர் பணம் கட்டாவிட்டால், அவருக்குச் சம்பளம் கொடுக்கும் நிறுவனமே நேரடியாக உங்களுக்குக் கட்ட வேண்டும் என்றுகூட நீதிமன்றம் சொல்லலாம். பிள்ளைகளைத் தற்காலிகமாக உங்கள் பொறுப்பில் வைத்துக்கொள்ளவும், பட்ட துன்பத்துக்கு இழப்பீடு பெறவும் வழி இருக்கிறது. எல்லாவற்றையும் ஒரே மனுவில் கேட்கலாம்.

ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். மனுவில் கேட்காததை நீதிமன்றமாகத் தேடித் தராது. கம்பெனி வாசலில் வந்து நிற்கிறார் என்றால் கம்பெனி பெயரை எழுதுங்கள். பள்ளிக்கூடத்தில் வந்து பிள்ளையை இழுக்கிறார் என்றால் பள்ளியின் பெயரை எழுதுங்கள். உங்கள் கஷ்டம் எந்த இடத்தில் நடக்கிறதோ, அந்த இடம் ஆணையில் இருக்க வேண்டும்.

எங்கே போவது, யாரைக் கேட்பது?

ஒவ்வொரு மாவட்டத்திலும் சமூக நலன் மற்றும் மகளிர் உரிமைத் துறையின் கீழ்ப் பாதுகாப்பு அலுவலர் இருக்கிறார். மாவட்ட சமூக நல அலுவலகத்தில் கேட்டால் தெரியும். நீங்கள் நடந்ததைச் சொன்னால் போதும், நாங்கள் அதைக் குடும்ப நிகழ்வறிக்கை என்ற படிவத்தில் எழுதி நீதித்துறை நடுவருக்கு அனுப்புவோம். அதன் நகல் உங்கள் பகுதிக் காவல் நிலையத்துக்கும் போகும். இதற்குக் கட்டணம் கிடையாது. நீங்களே நேராகவோ, வழக்கறிஞர் மூலமாகவோ நீதிமன்றத்தில் மனு கொடுக்கவும் உரிமை உண்டு. எங்கள் அறிக்கை இருந்தால்தான் ஆணை கிடைக்கும் என்பது இல்லை. 2022-ல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது.

வக்கீல் வைக்கப் பணம் இல்லையா? மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு. அதற்கான தொலைபேசி எண் 15100.

எந்த ஊர் நீதிமன்றம்? இது நிறைய பேருக்குத் தெரியாது. அடி வாங்கியது ஒரு ஊர், பயந்து அம்மா வீட்டுக்கு வந்தது வேறு ஊர் என்றால், திரும்ப அந்த ஊருக்குத்தான் போய் வழக்குப் போட வேண்டும் என்று கட்டாயம் இல்லை. நீங்கள் இப்போது தற்காலிகமாகத் தங்கியிருக்கும் ஊரிலேயே மனு கொடுக்கலாம். வேலை பார்க்கும் ஊரிலும் கொடுக்கலாம்.

மனு வந்தால் பொதுவாக 3 நாளுக்குள் முதல் விசாரணைத் தேதி தர வேண்டும், முதல் விசாரணையிலிருந்து 60 நாளுக்குள் முடிக்க முயல வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எல்லா வழக்கும் 60 நாளில் முடிவதில்லை. நோட்டீஸ் வாங்காமல் ஒளிந்துகொள்வார்கள், வாய்தா கேட்பார்கள். அதனால்தான் முதல் நாளே ஒரு விஷயத்தைச் சேர்த்துக் கேளுங்கள் என்று சொல்கிறேன். அதுதான் 23-வது பிரிவில் இருக்கும் இடைக்கால ஆணை. ஆபத்து இருக்கிறது என்று நீங்கள் பிரமாணப் பத்திரம் கொடுத்தால், எதிர்த்தரப்பு வருவதற்கு முன்பேகூட நடுவர் ஒருதலைப்பட்ச ஆணை போடலாம். வழக்கு முடிய எவ்வளவு நாள் ஆனாலும் அந்த ஆணை உங்களுக்குக் காவலாக இருக்கும்.

போன்: உதவியும் அதுதான், ஆபத்தும் அதுதான்

இங்கே எல்லார் கையிலும் ஸ்மார்ட்போன் இருக்கு. அதனால இதைக் கொஞ்சம் விரிவாச் சொல்றேன்.

181 என்பது பெண்கள் உதவி எண். 24 மணி நேரமும் இலவசம். இப்பவே அடிக்கிறார், உயிருக்கு ஆபத்து என்றால் 112. காவல் துறையின் 'காவல் உதவி' செயலியில் சிவப்பு அவசர பட்டனை அழுத்தினால் நீங்கள் இருக்கும் இடம் கட்டுப்பாட்டு அறைக்குப் போகும். குழந்தைகளுக்கு 1098. தங்க இடம் இல்லாமல் வெளியே வந்துவிட்டால் ஒருங்கிணைந்த சேவை மையம் இருக்கிறது. அங்கே தற்காலிகத் தங்கல், மருத்துவம், ஆலோசனை, சட்ட உதவி எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கும்.

உங்கள் போனை அவர் எடுத்துப் பார்ப்பாரா? அப்படியென்றால் 181-க்குப் பக்கத்து வீட்டு அக்கா போனிலிருந்து பேசுங்கள். வாட்ஸ்அப்பில் 'இணைக்கப்பட்ட சாதனங்கள்' என்ற இடத்தைத் திறந்து பாருங்கள். உங்களுக்குத் தெரியாத கணினியோ போனோ அதில் இருந்தால் உங்கள் மெசேஜை வேறு யாரோ படிக்கிறார்கள். கூகுள் மேப்பில் இருப்பிடப் பகிர்வு யாருக்குப் போகிறது என்றும் பாருங்கள். ஆனால் பார்த்த உடனே எல்லாவற்றையும் நிறுத்திவிடாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் அவருக்குச் சந்தேகம் வந்து அன்றைக்கே அடி விழலாம். பத்திரமான இடத்துக்குப் போன பிறகோ, எங்களிடம் பேசிய பிறகோ செய்யுங்கள்.

அடுத்தது ஆதாரம். அசிங்கமாகத் திட்டி அனுப்பிய குரல் பதிவைக் கேட்கப் பிடிக்காமல் அழித்துவிடுகிறோம். அழிக்காதீர்கள். நம்பரும் தேதியும் தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுத்து, நம்பிக்கையான ஒருவருக்கு அனுப்பி வையுங்கள். அந்த மெசேஜ் வந்த போனையும் பத்திரமாக வைத்திருங்கள். நீதிமன்றத்தில் மின்னணுச் சாட்சியம் கொடுக்கும்போது அதற்கென்று ஒரு சான்றிதழ் வைக்க வேண்டியிருக்கும். அதை வக்கீல் பார்த்துக்கொள்வார். ஆனால் மூலம் உங்களிடம் இருக்க வேண்டும்.

காயம் பட்டால் அன்றைக்கே போட்டோ எடுங்கள், அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். டாக்டர் எப்படி அடிபட்டது என்று கேட்பார். அங்கேதான் நாம் எல்லாரும் ஒரே பொய்யைச் சொல்கிறோம்: "பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டேன்." அதுவே விபத்துப் பதிவேட்டில் ஏறிவிடும். பிறகு கோர்ட்டில் எதிர்த்தரப்பு வக்கீல் அதே ஏ.ஆர். காப்பியைத்தான் கையில் எடுத்துக் காட்டுவார். உண்மையைச் சொல்லுங்கள். யார், எதனால் அடித்தார் என்று சொல்லுங்கள்.

ஆதார், ரேஷன் கார்டு, பிள்ளைகளின் பிறப்புச் சான்று, கல்யாணப் பத்திரிகை, வங்கிப் புத்தகம் எல்லாவற்றையும் படம் எடுத்து அம்மா வீட்டில் ஒருவரிடம் கொடுத்து வையுங்கள். கல்யாணத்தைப் பதிவு செய்யவில்லை என்று பயப்பட வேண்டாம். பத்திரிகை, போட்டோ, ரேஷன் கார்டு எல்லாமே உதவும்.

ஆணையை மீறினால்?

இப்போது அந்தத் தையல் கம்பெனிப் பெண்ணின் கதைக்கு வருகிறேன். மாவுக்கட்டோடு வந்தபோது நான் எதுவும் பேசவில்லை. படிவத்தை எடுத்து எழுத ஆரம்பித்தேன். அடுத்த வாரமே இடைக்கால ஆணை கிடைத்தது. அடிக்கக் கூடாது, கம்பெனிக்கு வரக் கூடாது, போன் செய்யக் கூடாது, வீட்டைவிட்டு விலகி இருக்க வேண்டும் என்று அதில் இருந்தது. ஆணையின் நகல் இலவசம், அவருக்கும் போகும், காவல் நிலையத்துக்கும் போகும். அந்தப் பெண் அதை மஞ்சப்பையில் மற்ற நான்கோடு சேர்த்து வைத்தார். "இது அஞ்சாவது தாள் மேடம்" என்றார். அந்தக் குரலில் நம்பிக்கை இல்லை.

"அதை உள்ள வைக்காதீங்கம்மா. போட்டோ எடுத்து உங்க கம்பெனி செக்யூரிட்டிகிட்ட, உங்க அண்ணன்கிட்ட, பக்கத்து வீட்டுல குடுங்க" என்று சொன்னேன்.

மூன்று வாரம் ஒன்றும் இல்லை. பிறகு நண்பர் நம்பரிலிருந்து ராத்திரி ராத்திரி குரல் பதிவு வர ஆரம்பித்தது. அவர் அழிக்கவில்லை. ஒரு நாள் மாலை ஷிப்ட் முடியும் நேரத்தில் கணவர் கம்பெனி வாசலுக்கே வந்து சத்தம் போட்டார். வாசலில் நின்ற செக்யூரிட்டி அக்கா தன் போனில் இருந்த ஆணையைத் திறந்து காட்டி, "உங்களுக்கு இங்க வர்றதுக்கு கோர்ட்டு தடை போட்டிருக்கு. நான் போலீசுக்கு போன் பண்றேன்" என்றார். பண்ணினார்.

31-வது பிரிவின்படி பாதுகாப்பு ஆணையையோ இடைக்காலப் பாதுகாப்பு ஆணையையோ மீறினால் ஓராண்டு வரை சிறை, அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இது பிடியாணை இல்லாமலே போலீஸ் கைது செய்யக்கூடிய, ஜாமீனில் விட முடியாத குற்றம். ஜாமீன் வேண்டுமென்றால் நீதிமன்றத்தில்தான் கேட்க வேண்டும். இன்னொன்றும் இருக்கிறது. மீறல் நடந்ததா இல்லையா என்பதை அந்தப் பெண்ணின் சாட்சியத்தை மட்டும் வைத்தே நீதிமன்றம் முடிவு செய்யலாம். நாலு சுவருக்குள் நடப்பதற்கு வேறு சாட்சி எங்கே கிடைக்கும்?

மீறினால் என்ன செய்வது? காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள், அல்லது பாதுகாப்பு அலுவலரிடம் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள், அல்லது நேராக நடுவரிடம் சொல்லுங்கள். முதல் தடவை மீறும்போதே சொல்லுங்கள். "ஒரு தடவைதானே" என்று விட்டால், அந்த ஆணையும் பையில் கிடக்கும் பழைய தாள் மாதிரி ஆகிவிடும்.

அந்தப் பெண்ணின் கணவர் கைதாகி, நிபந்தனையோடு ஜாமீனில் வந்தார். அதன் பிறகு வாசலுக்கு வரவில்லை. ஜீவனாம்சத்துக்கான விசாரணை இன்னும் முடியவில்லை. எல்லாம் சரியாகிவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். போன மாதம் பார்த்தபோது அவர் சொன்னார்: "ராத்திரி யாராவது கதவைத் தட்டினா இப்பவும் பயமாத்தான் இருக்கு மேடம். ஆனா முன்ன நான் மட்டும் பயந்தேன். இப்ப அவரும் பயப்படறாரு."

கூட்டத்தில் கேட்ட கேள்விகள்

"வீடு மாமியார் பேர்ல இருக்கு. வெளிய போன்னு சொன்னா போய்த்தான் ஆகணுமா?"

போக வேண்டியதில்லைங்க. நீங்கள் குடும்பமாக வாழ்ந்த வீடு மாமனார், மாமியார் பேரில் இருந்தாலும் அங்கே குடியிருக்கும் உரிமையைக் கேட்கலாம் என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. அது வீட்டில் பங்கு கேட்கும் உரிமை இல்லை, குடியிருக்கும் உரிமை. சட்டப்படியான நடைமுறை இல்லாமல் உங்களை வெளியே தள்ளக் கூடாது. வயதான மாமனார், மாமியாரின் நிம்மதியையும் நீதிமன்றம் பார்க்கும். அதனால் சூழ்நிலையைப் பொறுத்து வேறு வீட்டுக்கு ஏற்பாடு செய்யச் சொல்லவும் வாய்ப்பு இருக்கிறது.

"நடந்து ரெண்டு வருஷம் ஆச்சு. ஒரு வருஷத்துக்குள்ள சொல்லணும்னு ஒருத்தர் சொன்னாரே?"

இல்லைம்மா. நம் தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கிலேயே 2022-ல் உச்ச நீதிமன்றம் இதற்குப் பதில் சொல்லிவிட்டது. நிவாரணம் கேட்டு 12-வது பிரிவில் போடும் மனுவுக்கு ஓராண்டுக் கெடு பொருந்தாது. அதற்காகத் தள்ளிப் போடாதீர்கள். நாள் ஆக ஆக ஆதாரம் கரையும்.

"எனக்கு அறுபத்தெட்டு வயசு. அடிக்கிறது நான் பெத்த புள்ள. அவன் மேல போய் எப்படிம்மா..."

அம்மா, நீங்க பாதியில் நிறுத்தினது எனக்குப் புரியுது. தாயும் இந்தச் சட்டத்தில் பாதுகாப்புக் கேட்கலாம். பிள்ளையை உள்ளே தள்ளணும்னு அவசியம் இல்லை. "அம்மா மேல கை வைக்கக் கூடாது, அம்மாவோட பென்ஷன் பணத்தை எடுக்கக் கூடாது" என்று ஒரு ஆணை. அவ்வளவுதான். கூட்டம் முடிஞ்சதும் நீங்க போகாம இருங்க, நாம தனியா உக்காந்து பேசுவோம்.

"பொய்யா வழக்குப் போட்டா ஆம்பளைங்க என்ன பண்றது மேடம்?" (இது கூட்டத்துக்கு வந்திருந்த ஓர் இளைஞர் கேட்டது.)

நியாயமான கேள்வி தம்பி. எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் போகும், அவர் தன் பக்கத்தைச் சொல்லலாம். அவசரமாக ஒருதலைப்பட்ச ஆணை போட்டிருந்தாலும், சூழ்நிலை மாறியிருக்கிறது என்று காட்டி ஆணையை மாற்றவோ நீக்கவோ கேட்கலாம். 30 நாளுக்குள் செஷன்ஸ் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம். ஒன்று மட்டும் யோசித்துப் பாருங்க. "அடிக்காதே" என்று ஒரு ஆணை வந்தால், அடிக்காத ஆளுக்கு அதனால் என்ன குறைந்துவிடப் போகிறது?

பக்கத்து வீட்டுக்காரருக்கு ஒரு வார்த்தை

2019-21 தேசிய குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் திருமணமான 18 முதல் 49 வயதுப் பெண்களில் 100-க்குச் சுமார் 38 பேர் கணவரின் வன்முறையைச் சந்தித்திருக்கிறார்கள். உடல், பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்களில் உதவி கேட்டு வெளியே வந்தவர்கள் இந்திய அளவில் 100-க்கு 14 பேர்தான். மீதிப் பேர் எங்கே? இந்த மண்டபத்திலும் இருப்பார்கள். அவர்களைப் பேரைச் சொல்லி எழுப்ப வேண்டாம். நாம் என்ன செய்யலாம் என்பதை மட்டும் சொல்கிறேன்.

இந்தச் சட்டத்தின் 4-வது பிரிவின்படி, குடும்ப வன்முறை நடக்கிறது என்று தெரிந்த யார் வேண்டுமானாலும் பாதுகாப்பு அலுவலருக்குத் தகவல் சொல்லலாம். நல்லெண்ணத்தோடு சொன்னவர் மீது எந்த வழக்கும் வராது. "அவங்க குடும்ப விஷயம்" என்று கதவைச் சாத்திக்கொள்வதற்குச் சட்டம் உங்களைக் கட்டாயப்படுத்தவில்லை.

எங்களையும் நீங்கள் விடக் கூடாது. நீதிமன்ற ஆணைப்படி செய்ய வேண்டிய கடமையைப் பாதுகாப்பு அலுவலர் போதிய காரணம் இல்லாமல் செய்யத் தவறினால், அவருக்கே தண்டனை உண்டு என்று 33-வது பிரிவு சொல்கிறது. அரசின் முன் அனுமதி பெற்று வழக்குத் தொடர வேண்டும். நான் அன்றைக்கு "பொறுத்துப் பாருங்க" என்று சொன்ன மாதிரி வேறு எந்த அலுவலகத்திலாவது சொன்னால், "நிகழ்வறிக்கையை எழுதுங்க மேடம்" என்று உட்கார்ந்துவிடுங்கள். அது உங்கள் உரிமை.

கடைசியாக இன்றைக்கே செய்யக்கூடிய மூன்று காரியம். ஒன்று, 181-ஐ மனப்பாடம் செய்யுங்கள், போனில் மட்டும் வைத்தால் போன் பறிபோகும்போது நம்பரும் போய்விடும். இரண்டு, நம்பிக்கையான ஒருவரோடு ஒரு குறிப்பு வார்த்தை பேசி வையுங்கள். "உறை மோர் இருக்கா?" என்று நீங்கள் மெசேஜ் அனுப்பினால் அவர் போலீசுக்குச் சொல்ல வேண்டும், அந்த மாதிரி. மூன்று, உங்கள் குழுவில் முழங்கை மறைகிற மாதிரி எப்போதும் முந்தானை போர்த்திக்கொண்டு வருகிற ஒரு பெண் இருந்தால், இன்றைக்கு அவரோடு சேர்ந்து நடந்து போங்கள். எதையும் கேட்க வேண்டாம். கூட நடந்தால் போதும். சொல்ல வேண்டியதை அவரே சொல்வார்.



நினைவில் வைக்க
பெண்கள் உதவி எண்: 181
அவசர உதவி: 112
குழந்தைகள் உதவி எண்: 1098
இலவச சட்ட உதவி: 15100